காலையில் மட்டும் டிக் டிக் சத்தம்: என்ஜினை இறக்கணும் என்கிறார்கள், நம்பலாமா?

செகண்ட்ஹேண்ட் சாரதி:

பதினாலு வருடப் பழைய பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், மேனுவல் கியர், மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பார்க்கப் போன அன்று சத்தமே இல்லாமல் ஓடியது. இப்போது யோசித்தால்தான் புரிகிறது, நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். "வெயில்ல வந்திருப்பீங்க, ஏசி போட்டு வச்சிருக்கேன், ஏறுங்க" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால், முதல் இரண்டு விநாடி சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு கடகடப்பு. அது நின்றதும் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஆரம்பிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் சேர்ந்து வேகமாகிறது, மேடு ஏறும்போது இன்னும் பலமாகக் கேட்கிறது. ஐந்தாறு நிமிடம் ஓடி டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் முக்கால்வாசி அடங்கிவிடும். ஆயில் விளக்கு எரிவதில்லை.

முதல் மெக்கானிக் நாலாவது சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் கனெக்டரைப் பிடுங்கினார், டிக் டிக் ஏறக்குறைய நின்றுவிட்டது. "பாத்தீங்களா, ராடு பேரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்றார். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங்காம். எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டாமவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு "வெறும் டேப்பெட் சத்தம்" (வால்வுகளை அமுக்கித் திறக்கும் பாகம்) என்று ஒரு டின் மருந்தை ஆயிலில் ஊற்றினார். இரண்டு வாரம் ஆகியும் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது ஆளிடம் போனால் மூன்றாவதாக ஒன்று சொல்வார் என்று தயக்கமாக இருக்கிறது. நானே வீட்டில் வைத்து ஏதாவது பார்க்க முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் பெரிய ஞானம் கிடையாது.

ஆயில் கறை:

டிப்ஸ்டிக் பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள், ஆயில் ஒரு லிட்டர் குறைந்து கிடக்கும் வண்டியில் சத்தத்தின் பூர்வீகத்தை ஆராய்ந்து பயனில்லை. சமமான தரையில், என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்புறம் என்ன கிரேடு ஆயில் என்று தெரியுமா? விற்பதற்கு முந்தின வாரம் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது பழைய வித்தை.

அதுவரை குளிர்ந்த என்ஜினை உறுமவிட்டுச் சோதனை செய்யாதீர்கள். போனில் ரெக்கார்டு செய்து போடுவதாக இருந்தால் அதுவும் வேண்டாம், போன் மைக்கில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் சத்தம்தான் முன்னால் நிற்கும், எல்லா என்ஜினும் ஒரே மாதிரி கேட்கும்.

செகண்ட்ஹேண்ட் சாரதி:

பார்த்தேன், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது, கறுப்பாக இருக்கிறது. என்ன கிரேடு என்று தெரியவில்லை, விற்றவர் போனை எடுப்பதில்லை.

பட்டறைவாசி:

இருபது வருடத்துக்கு மேல் இந்தச் சத்தங்களோடு குடும்பம் நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிச் சத்தம். முதல் இரண்டு விநாடிக் கடகடப்பு வேறு, பின்னால் வரும் டிக் டிக் வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மெக்கானிக்கும் குழம்புவார். டிக் டிக்கை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை வைத்துத்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு விநாடிக்குப் பதிமூன்று முறை சுற்றும். வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் தண்டு அதில் சரிபாதி, ஆறேழு முறை. ராடு பேரிங் தட்டினால் கிராங்கின் தாளத்தில் தட்டும், டேப்பெட் தட்டினால் கேமின் தாளத்தில், அதாவது பாதி வேகத்தில். விநாடிக்குப் பதிமூன்றைக் காதால் எண்ண முடியாதுதான், ஆனால் பழகிய காதுக்கு வித்தியாசம் தெரியும். டேப்பெட் தையல் மெஷின் மாதிரி, லேசாக, மேலிருந்து வரும். ராடு கதவை உள்ளேயிருந்து முஷ்டியால் இடிப்பது மாதிரி, கனமாக, கீழேயிருந்து வரும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் (நடுவே உள்ள அடைப்புத் தகடு) போனாலோ, அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் (நட்டு மாட்டும் திருகுக் கம்பி) உடைந்தாலோ, அந்த சிலிண்டரின் புகை சந்து வழியாகத் தெறிக்கும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகையைத் தள்ளுகிறது, அதனால் அதுவும் அச்சு அசல் டேப்பெட்டின் தாளத்திலேயே டிக் டிக் என்று கேட்கும். டேப்பெட் என்று சொல்லி வால்வு கவரைத் திறந்து, கேஜ் வைத்து எல்லா இடைவெளியையும் சரி செய்து, மூடி ஸ்டார்ட் செய்தால் அதே சத்தம். நானே ஒரு காலத்தில் இப்படி ஒரு நாள் முழுக்க வீணடித்திருக்கிறேன்.

இப்போது காயில் சோதனைக்கு வருவோம். உங்கள் முதல் மெக்கானிக் செய்த சோதனை சரியான சோதனைதான், முடிவில்தான் அவசரப்பட்டுவிட்டார். ஒரு சிலிண்டரை எரியவிடாமல் செய்தால் அதன் பிஸ்டன் மேல் அழுத்தம் குறையும், அதனால் ராடு சத்தம் அடங்கும். சரி. ஆனால் எரியாத சிலிண்டரிலிருந்து பலமான புகை வெடிப்பும் வெளியே வராது, அதனால் மேனிஃபோல்டு கசிவும் அதே மாதிரி அடங்கும். அடங்காதது டேப்பெட் மட்டும்தான், வால்வுக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன, அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். ஆக அந்தச் சோதனை இரண்டாமவரின் டேப்பெட் கதையைத்தான் தள்ளுபடி செய்கிறது, முதலாமவரின் ராடு கதையை நிரூபிக்கவில்லை.

ராடா, கசிவா என்பதற்குச் சூடுதான் சாட்சி. ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருந்து தேய்ந்த பேரிங்குக்கு மெத்தை போட்டது போலத் தாங்கும், சூடானதும் நீர்த்துவிடும், அப்போதுதான் ராடு நன்றாக இடிக்கும். அதாவது பேரிங் போன வண்டி ஓட ஓடத்தான் அதிகமாகக் கத்தும். மேனிஃபோல்டு கதை நேர் எதிர்: குளிரில் சந்து திறந்திருக்கும், இரும்பு சூடாகி விரிய விரியச் சந்து அடைபடும், சத்தம் தேயும். உங்கள் வண்டி இரண்டாவது மாதிரி நடந்துகொள்கிறது. மேடு ஏறும்போது பலப்படுவதும் இதற்குப் பொருந்தும், லோடு ஏறினால் புகையின் அழுத்தமும் ஏறும்.

இன்னொரு சந்தேக நபரும் இருக்கிறார், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது. அதுவும் குளிரில் வரும், பிஸ்டன் சூடாகி விரிந்ததும் போகும், சிலிண்டரை நிறுத்தினால் குறையவும் செய்யும். ஆனால் அது கூர்மையான டிக் இல்லை, காலிக் குடத்தைத் தட்டுவது போல மொத்தையாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: ஒரு மீட்டர் நீள ரப்பர் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய் போதும். விடியற்காலையில் ஆற விட்ட வண்டி, ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், ஒரு முனையைக் காதோரம் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக சிலிண்டர் சிலிண்டராக நகர்த்துங்கள். கசிவு இருந்தால் காதில் ஊதுவது போலத் தெளிவாகக் கேட்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது இரும்புக்குள் தட்டும் சத்தத்துக்கு, காற்றுக் கசிவுக்குக் குழாய்தான். தொளதொளச் சட்டை, துண்டு எதுவும் வேண்டாம், பெல்ட்டும் ஃபேனும் யாருக்கும் உறவில்லை. அப்புறம், காயிலைப் பிடுங்கும் சோதனையை இனிமேல் செய்வதாக இருந்தால் இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குங்கள், சில விநாடி போதும். காயிலை மட்டும் பிடுங்கினால் எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைப் பாழாக்கும்.

சூடு கண்டவன்:

பட்டறைவாசி சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இதே மாதிரி "சூடானால் குறைகிறது, ஒன்றுமில்லை" என்று என் காதை நம்பி ஒரு பழைய வண்டியை எட்டு மாதம் ஓட்டினேன். உண்மையில் அது குறையவில்லை, ரோட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கிறது. ஒரு நாள் 90 கிலோமீட்டர் வேகத்தில் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தபோது டடடட என்று ஒரு சத்தம், அடுத்த நிமிடம் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோட்டில் ஆயில் ஆறு.

அதனால் காதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் விளக்கு எரியவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த ஸ்விட்ச் பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 0.3, 0.5 பார் அளவுக்குக் கீழே விழுந்தால்தான் விளக்கைப் போடும், அப்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் முள் வைத்த பிரஷர் கேஜை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது பழைய கைக்கணக்கு, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஆயிலை மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் மேல் தகரத்தை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங் கரைகிறது என்று அர்த்தம். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் இன்றைக்கு அந்த வண்டி என்னிடம் இருந்திருக்கும்.

பட்டறைவாசி:

சரியாகச் சொன்னார், நான் விட்டுவிட்டேன். கேஜ் பார்க்காமல் ராடு இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். இன்னொரு சோதனையும் அவர் கதைக்குள்ளேயே இருக்கிறது: என்ஜின் சூடான பிறகு நின்ற இடத்திலேயே 2,000, 2,500 சுற்றில் பிடித்து, பட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுற்று இறங்கும்போது இடித்தால் ராடுதான்.

அப்படியே முதல் இரண்டு விநாடிக் கடகடப்பையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் கிராங்கையும் கேமையும் இணைப்பது டைமிங் செயின் என்றால், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வதாக இருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி ஆயிலெல்லாம் கீழே இறங்கிவிட்டால் காலையில் அழுத்தம் வரும்வரை செயின் தொளதொளவென்று ஆடும். இறங்காமல் தடுக்க ஃபில்டருக்குள் ரப்பரில் ஒரு தடுப்பு வால்வு உண்டு. மலிவான ஃபில்டரில் அது சில மாதத்தில் விறைத்துப்போய்விடும், குறிப்பாக ஃபில்டர் படுக்கை வாட்டத்தில் மாட்டும் என்ஜினில் உடனே தெரியும். நல்ல ஃபில்டரும் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலும் போட்டுப் பாருங்கள். அப்புறமும் நீண்ட நேரம் கடகடத்தால் டென்ஷனரையும் செயினையும் பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெல்ட் பைத்தியம்:

இவருடைய வண்டிக்குப் பொருந்தாது, ஆனால் இதைத் தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும். கீச், உர்ர், கரகர மாதிரிச் சத்தம் என்றால் என்ஜினைச் சந்தேகப்படுவதற்கு முன் வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், டென்ஷனர், புல்லி, வாட்டர் பம்ப் இவற்றில் ஒரு பேரிங். ஒவ்வொன்றையும் கையால் சுற்றினாலே எது சொரசொரக்கிறது என்று தெரிந்துவிடும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் அரை நிமிடத்துக்கு மேல் என்ஜினை ஓடவிடாதீர்கள். டைமிங் பெல்ட் வேறு, அதில் கை வைக்காதீர்கள், பாவம்.

செகண்ட்ஹேண்ட் சாரதி:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் கேஜ். சூடான என்ஜினில் ஐடிலில் 22 பி.எஸ்.ஐ., 3,000 சுற்றில் 51. புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் வசதியாகவே இருக்கிறது. காலை எடுக்கும் சோதனையில் எதுவும் இடிக்கவில்லை. ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம், கறுப்புச் சேறு மட்டும்தான், மினுமினுப்பு இல்லை. (வெட்டும்போது என் கையும் கொஞ்சம் வெட்டுப்பட்டது, தோல் கையுறை போடுங்கள்.) உள்ளே அந்த ரப்பர் வால்வு அப்பளம் மாதிரி விறைத்திருந்தது, விரலால் மடித்தால் விரிசல் விடுகிறது.

அப்புறம் குழாய். காலை ஐந்தரை மணிக்குத் தம்பியை எழுப்பி உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று சிலிண்டர் வரை வெறும் இரைச்சல். நாலாவதன் பக்கம், கேபின் சுவரை ஒட்டிய மூலைக்குக் குழாயைக் கொண்டுபோனதும் காதுக்குள் யாரோ உமி ஊதுவது போல ஃபட் ஃபட் ஃபட். குழாயை இரண்டு விரல்கடை நகர்த்தினால் போய்விடுகிறது, திரும்பக் கொண்டுவந்தால் வருகிறது. எனக்கு நம்பவே முடியவில்லை, தம்பியையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். என்ஜின் ஆறிய பிறகு மேலே இருந்த வெப்பத் தகட்டைக் கழற்றினால், நாலாவது சிலிண்டரின் ஓரத்தில் கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கரிக்கோடு. கடைசி ஸ்டட் இருக்க வேண்டிய இடத்தில் நட்டையே காணவில்லை, ஸ்டட் சிலிண்டர் ஹெட்டோடு மட்டமாக உடைந்து நிற்கிறது.

கேள்வி, அதை எப்படி எடுப்பது? இப்படியே கொஞ்ச நாள் ஓட்டினால் பரவாயில்லையா?

பட்டறைவாசி:

கடைசி ஸ்டட் என்றதுமே சிரித்துவிட்டேன். அதுதான் உடையும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு நீளவாக்கில் விரிந்து சுருங்கும்போது நடு ஸ்டட்டுகள் அதிகம் அசையாது, இரண்டு ஓரத்து ஸ்டட்டுகள்தான் அந்த இழுவையெல்லாம் வாங்கும்.

இப்படியே ரொம்ப நாள் ஓட்டாதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். என்ஜினுக்கு உடனே ஆபத்தில்லை, உங்களுக்குத்தான். கசிவு கேபின் சுவரை ஒட்டி இருக்கிறது, ஏசி காற்று உள்ளே போகும் வழி பக்கத்திலேயே இருக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. சரிசெய்யும்வரை ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள், நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்காராதீர்கள். மைலேஜும் குறைந்திருக்கும் பாருங்கள். சந்து வழியாக உள்ளே இழுக்கும் காற்றை ஆக்ஸிஜன் சென்சார் மோப்பம் பிடித்து, பெட்ரோல் போதவில்லை என்று என்ஜினுக்குத் தப்பாகச் சொல்லும், அது சும்மாவே கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும்.

எடுப்பது: இதை நீங்களே முயலாதீர்கள், உள்ளே இன்னொரு துண்டாக உடைத்தால் வேலை மூன்று மடங்கு. மட்டமாக உடைந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூடு ஆறும்போது திருகி எடுப்பார்கள், நல்ல கை என்றால் அரைமணி நேர வேலை. மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகு அதன் முகத்தில் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த முகத்தை அப்படியே மாட்டினால் புது ஸ்டட்டும் உடையும். கேஸ்கெட் புதிது, எல்லா ஸ்டட்டும் நட்டும் புதிது, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும்.

சூடு கண்டவன்:

கேஜ் பார்த்தது நல்லதாகப் போயிற்று. எனக்கும் நிம்மதி.

செகண்ட்ஹேண்ட் சாரதி:

முடிந்தது. மேனிஃபோல்டு முகம் லேசாக வளைந்துதான் இருந்தது, கிரைண்டிங் கொடுத்து மட்டம் செய்து மாட்டினார்கள். ஸ்டட்டுக்கு வெல்டிங் மூன்று முறை பிடிக்கவில்லை, நாலாவது முறை கிறீச் என்று ஒரு சத்தத்தோடு திரும்பியது, அந்தச் சத்தம் மட்டும் இனிமையாக இருந்தது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதில் காலைக் கடகடப்பு இரண்டு விநாடியிலிருந்து ஒரு கணத்துக்குக் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. டென்ஷனரை அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் வண்டி இவ்வளவு அமைதியானதும் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறது. சூடான பிறகு, ஐடிலில், பானெட்டுக்குள் வலது பக்கம் மெதுவாக டக், டக், டக். சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், விரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு குழாயும் ஒரு ஒயரும் போகிறது, அதுதான் விரலுக்கடியில் துடிக்கிறது.

ஆயில் கறை:

அது பர்ஜ் வால்வு. பெட்ரோல் டேங்க்கின் ஆவியை என்ஜினுக்குள் அனுப்பும் வால்வு, அப்படித் துடித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். பானெட்டை மூடிவிட்டு வண்டியை ஓட்டுங்கள் ஐயா.